டிரைவர் பக்கத்துப் படி

நான் வாய்க்காரி. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யார்டில் இருக்கிற யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். லாரி யார்டுக்கு எதிரே தார்ப்பாய் தைக்கும் கடையில், வாசலை ஒட்டிக் கிடக்கிற மிஷின் என்னுடையது. விரல் நீள ஊசி, மெழுகு தடவிய நூல், மடி கொள்ளாத தார்ப்பாய். அங்கே உட்கார்ந்தபடியே யார்டுக்குள் போகிற வருகிற எல்லா வண்டியும் என் கண்ணில் படும். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டியும் படும். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

அவருடைய வண்டியில் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே இரண்டு படி இருக்கவேண்டும். மேல் படி மட்டும்தான் இருந்தது. கீழே இருந்ததை, அவருக்கு முன்னால் ஓட்டிய புண்ணியவான் ஏதோ ஒரு குடோன் சுவரில் உரசிப் பிய்த்து எறிந்துவிட்டுப் போய்விட்டான். படி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையும் துருவும்தான். வண்டி இவர் கைக்கு வந்தபோதே அப்படித்தான் வந்தது. கிளீனர் பக்கத்தில் இரண்டு படியும் கல்லுப் போல இருந்தன. ஆனால் கிளீனர் என்று ஓர் ஆளை அந்தக் கம்பெனி வைப்பதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது.

மனுஷர் உயரமும் கிடையாது. சீட்டே அவர் தலைக்கு மேலே இருக்கும். போதாததற்கு ஒரு முழங்கால் தேய்ந்துபோய், மடக்கினால் உயிர் போகும். அதனால் ஏறுவதற்குக் கிளீனர் பக்கம் சுற்றிப் போவார். நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்துக்கொண்டு ஏறி, சீட்டின் மேல் தவழ்ந்து ஸ்டியரிங்குக்கு வந்துவிடுவார். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் டயரைப் பார்த்துட்டு அப்படியே ஏறிட்டேன்" என்பார். முழங்கால் விஷயம் யார்டில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்.

இறங்குவதுதான் என் உயிரை வாங்கும். இறங்கும்போது யார் சீட்டின் மேல் தவழ்ந்துகொண்டிருப்பது? டிரைவர் பக்கமேதான். கதவைத் திறந்து, வெளியே பார்த்தபடி சீட் ஓரத்துக்கு நகர்ந்து, மேல் படியில் ஒரு காலைத் தொட்டுக்கொள்வார். ஒரு கையால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகு வண்டியோடு உரச, ஒரே சறுக்கு. நல்ல கால் முதலில் தரையில் விழும். சின்னப் பிள்ளைகள் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இருக்கும். "அண்ணன் சறுக்கிட்டாருடோய்!" என்று மற்ற டிரைவர்கள் விசில் அடிப்பார்கள். இவரும் பெருமையாகச் சட்டையை உதறிக்கொள்வார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்திவிடுவேன். அவர் ஒருநாளும் விழக்கூடாது. எனக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

யார்டு கேட்டில் பெரிய போர்டு ஒன்று உண்டு. அதில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கை ஒரு கால், இல்லாவிட்டால் இரண்டு கால் ஒரு கை, எப்போதும் பிடிமானத்தில் இருக்கும்படி இறங்கிக்கொண்டிருப்பான். 'குதிக்காதே. கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே. படியைப் பார்த்துக் கால் வை' என்று அவனுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். அவனுக்கென்ன மகராசன், அவன் வண்டியில் எல்லாப் படியும் இருக்கிறது. டிரைவர்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டை அவன் தலைமேல்தான் காயப்போடுவார்கள்.

வீட்டில் இதே சண்டைதான்.

"ஒரு படி போடச் சொல்லிக் கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்பேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. இத்தனை நாள் கேக்காதவன் இப்ப ஏன் கேக்கிறான்னு ஒரு கேள்வி வரும். எங்க, காலை மடக்கிக் காட்டுன்னுவான். என் வண்டிக்கு எத்தனை பேரு நாக்கைத் தொங்கப்போட்டுட்டு நிக்கிறானுங்க தெரியுமா?"

"விழுந்தா?"

"நான் விழுந்து நீ எப்பப் பார்த்த? என் காலுக்கு அந்த வண்டி அத்துப்படி. கண்ணைக் கட்டி விட்டாக்கூட இறங்குவேன்."

"இறங்குவீங்க, இறங்குவீங்க. நேரா ஆஸ்பத்திரியில."

"ஐயோ, உன் வாயி இருக்கே!" என்று சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொள்வார். "யார்டுக்குள்ள போயி நீ எதையாச்சும் பேசி வச்ச, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

படித்துக்கொண்டிருக்கிற எங்கள் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேரும் டேப்பை மாத்துங்க" என்பாள்.

பிறகு ஒரு மழை நாளில் அவர் கை வழுக்கிவிட்டது. என் கண்ணெதிரில், என் கடைக்கு முன்னால், சேற்றில் சொத்தென்று உட்கார்ந்தார். எழுந்து ஒரு சிரிப்பு சிரித்தார். விசில் அடித்தவர்களுக்குக் கும்பிடு போட்டார். அன்று இரவு முழங்கையில் மருந்து போட்டுவிட்டபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இனி இவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

யார்டு மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. சம்பளம் ஏறுமா என்றால் பார்க்கலாம். கக்கூஸில் தண்ணீர் வருமா என்றால் பார்க்கலாம். அந்த ஆள் தன் கல்யாணத்திலேயே மணப்பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று லோடு ஏற்றுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வண்டி யார்டில் நின்றிருந்த ஒரு காலையில், இவர் சாப்பிட்டுவிட்டு டிரைவர்கள் படுக்கும் ஷெட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் நேராகப் பார்க்கலாமின் அறைக்குப் போனேன்.

"என்னம்மா, தார்ப்பாய் பில்லா?"

"பில்லு இல்ல சார். படி."

"எந்தப் படி?"

"இல்லாத படி. எங்க வீட்டுக்காரர் வண்டியில டிரைவர் பக்கம்."

"அவர் ஒண்ணும் சொல்லலையே. நல்லாத்தானே இறங்குறாரு. பார்க்கலாம்."

"அவருக்கென்ன சார், அவர் துள்ளிக் குதிப்பாரு," என்று பொய்யை அளந்தேன். "வேற ஆளு ஓட்டினா? நீங்க வேணும்னா ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டுங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா என்னன்னு கேளுங்க."

அறைக்கு வெளியே அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை சவால் விட்டபிறகு, அதுவும் லோடுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவரால் எப்படிப் பின்வாங்க முடியும்? எழுந்து வந்தார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவன் தள்ளிவிட, எப்படியோ ஏறிவிட்டார். மேலே போனதும் ராஜா மாதிரி எங்களைப் பார்த்தார். இறங்கவேண்டி வந்ததும்தான் முகம் மாறியது. வெளியே பார்த்துத் திரும்பினார், தரையைப் பார்த்தார், பயந்துபோய் உள்ளே பார்த்துத் திரும்பினார். கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு காலால் காற்றில் துழாவினார். ஒரு ஷூ கழன்று கீழே விழுந்தது.

"எட்டலடா! பிடிங்கடா எவனாச்சும்!"

லோடுக்காரர்கள் இரண்டு பேர் போய் மூட்டையை இறக்குவது போல அவரை இறக்கி வைத்தார்கள். எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தோம். பார்க்கலாம் ஷூவை மாட்டிக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வெல்டரைக் கூப்பிடு," என்றார். "இப்பவே."

அந்த யார்டில் இதற்குமுன் 'இப்பவே' என்ற சொல் யார் காதிலும் விழுந்ததில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நகை நட்டு வாங்கியவள்கூட அப்படி மிதந்திருக்க மாட்டாள்.

வெல்டர் நல்ல பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கால் வழுக்காதபடி சொரசொரப்பான தகட்டை வெட்டி, மேல் படிக்கு நேர் கீழே, அதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துப் பற்றவைத்தான். கறுப்புப் பெயின்ட் கூட அடித்தான். காய்ந்ததும் அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினான்.

"யானை ஏறினாலும் தாங்கும்கா."

"அவரை எழுப்பிக் காட்டட்டுமா?"

"பாவம், தூங்கட்டும்கா. ஏறும்போது அவரே பார்த்துக்குவாரு."

அவர் எந்தப் பக்கம் ஏறுவார் என்பது அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே நாங்கள் இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்தோம்? எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் புத்தியில் அது ஏறவில்லை. பார்த்துவிட்டுத் திட்டுவாரா, சிரிப்பாரா என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். மற்ற டிரைவர்களும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

மத்தியானம் அவர் வண்டி கேட்டைத் தாண்டி வந்து என் கடைக்கு எதிரே நின்றது. கிழிந்திருந்த அவருடைய தார்ப்பாயைத் தைத்துச் சுருட்டி வைத்திருந்தேன். அதை எடுத்துப்போகத்தான் வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னம்மா, ரெடியா?"

தூக்கம் தெளிந்து கழுவிய முகம். ஒன்றும் தெரியாத முகம். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஓகோ, நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"இறங்கி வாங்க, ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

கதவு திறந்தது. ஒரு கையில் காலி சாப்பாட்டு டப்பா, இன்னொரு கை கைப்பிடியில். என்னைப் பார்த்துக்கொண்டே சீட் ஓரத்துக்கு நகர்ந்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இவர் கிளீனர் பக்கமாக ஏறியிருக்கிறார். இவருக்குத் தெரியாது.

"படி இருக்கு!" என்று கத்தினேன். "என்னங்க, படி இருக்கு!"

என்ன சொல்கிறாள் இவள் என்று புருவத்தைத் தூக்கினார். அதற்குள் உடம்பு சறுக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் இல்லாத இடம் என்று அவர் கால் நம்பிய இடத்தில் இரும்பு இருந்தது. குதிகால் அதில் இடித்து நின்றது, உடம்பு நிற்கவில்லை. தலைகுப்புற வந்து சாக்கடை ஓரத்துக் கான்கிரீட்டில் விழுந்தார். நான் ஓடிப்போய்த் திருப்பியபோது கண் திறந்துதான் இருந்தது. டப்பாவின் மூடி உருண்டுபோய் என் மிஷினடியில் கிடந்ததை மறுவாரம் கூட்டும்போதுதான் பார்த்தேன்.

கழுத்தெலும்பு முறிந்து நரம்பு போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் நல்ல செய்தி போலச் சொன்னார். பேச்சு இருக்கும், நினைவு இருக்கும், கழுத்துக்குக் கீழே எதுவும் இருக்காது. கெட்ட முழங்காலைப் பற்றி அந்த டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை வருஷம் ஒளித்து வைத்த முழங்கால். இப்போது இரண்டும் ஒன்றுதான்.

பார்க்கலாம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கம்பெனியில எழுதிட்டாங்கம்மா. படி இருந்துச்சு, பிடி இருந்துச்சு, எல்லாம் சரியா இருந்துச்சு. இவரு வெளிப்பக்கம் பார்த்து இறங்கியிருக்காரு, கையில டப்பா வேற. போர்டுல போட்டுத்தானே இருக்கு? அதுவும் நீங்களே கேட்டுப் போட்ட படி."

எனக்குக் கொதித்து வந்தது.

"படி இல்லாதப்ப விழுந்திருந்தா உங்க தப்பா இருந்திருக்கும். படி போட்ட அன்னிக்கு விழுந்ததால அவர் தப்பு. அப்படித்தானே சார்?"

"அப்படி இல்லம்மா..." என்று வாட்சைப் பார்த்தார். "பார்க்கலாம்."

நான் செய்தது தப்பா? நீங்களும் அதைத்தானே நினைக்கிறீர்கள்? தப்பில்லை. யார் முகத்துக்கு நேராக வேண்டுமானாலும் சொல்வேன். புருஷன் விழக்கூடாது என்று படி கேட்டவள் எப்படித் தப்பு செய்தவள் ஆவாள்? ஆனால் இதை எத்தனை தடவை சொன்னாலும், படுத்தவுடன் அந்தக் குதிகால் இரும்பில் இடிக்கிற சத்தம் கேட்கிறது. அதற்கு நான் என்ன நியாயம் சொல்வது?

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெல்டர் வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்று அழுதான்.

"எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்கா. நான்தான் தூங்கட்டும்னேன்."

"நீ நல்லாத்தான் போட்ட. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. அவருகிட்ட மட்டும் படியைப் பத்தி மூச்சு விட்டுடாதே."

வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி இதைத்தான் சொல்லி உள்ளே விட்டேன். அவருக்கு அந்த நாள் முழுசாக நினைவில்லை. வண்டியை நிறுத்தியது வரைக்கும் இருக்கிறது, பிறகு நான் வாயைத் திறந்தது மட்டும் இருக்கிறது. படி இல்லாத வண்டியில் எப்போதும் போலச் சறுக்கி, கை நழுவி விழுந்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மகளுக்குப் பிடிக்கவில்லை. "சொல்லிடும்மா. வேற யாராச்சும் உளறிட்டா அப்பா உன்னைப் பத்தி என்ன நினைப்பாரு?" என்றாள். அவள் சின்னப் பெண், அவளுக்கு அவரைத் தெரியாது. விஷயம் தெரிந்தால் அவர் என்னைத் திட்டமாட்டார். அதுதான் எனக்குப் பயம். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே என்னைத் தேற்றுவார். அதை என்னால் தாங்க முடியாது.

நான் மறுபடி கடைக்குப் போகிறேன். வேறு வழி? அந்த வண்டியை இப்போது நெடுநெடுவென்று ஓர் இளவட்டம் ஓட்டுகிறான். போர்டில் இருக்கிற ஆள் மாதிரியே வண்டியைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் பிடித்து, மேல் படி, கீழ்ப் படி என்று நிதானமாக இறங்குகிறான். படி ஒரு நூல் ஆடவில்லை. வெல்டர் பொய் சொல்லவில்லை. அவன் கால் தரையில் படுகிறவரைக்கும் நான் ஊசியைத் துணியில் இறக்குவதில்லை. இறங்கியதும் நிம்மதியாகவும் இருக்கிறது, அந்தப் பிள்ளைமேல் காரணமில்லாமல் எரிச்சலாகவும் வருகிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று உதட்டை மூடிக்கொண்டார். ஏதோ யோசனை.

"நான் விழுறப்ப நீ என்னமோ கத்தினியே. என்ன கத்தின?"

"பார்த்து இறங்குங்கன்னு கத்தினேன்."

"ம். நீ கத்தாத நாளு எது?" என்று சிரித்தார். பிறகு, "என் வண்டியை யாரு ஓட்டுறா?" என்றார்.

"புதுசா ஒரு தம்பி. சின்ன வயசு."

"டிரைவர் பக்கம் படி கிடையாதேடி. அவனுக்குச் சொன்னாங்களா? அவன் வேற எவளுக்கோ புருஷனா இருப்பான். நீ நாளைக்கே யார்டுக்குள்ள போ. அந்தப் பார்க்கலாம் சட்டையைப் பிடிச்சு உலுக்கு. உன் வாயை இந்தத் தடவை நான் அடக்க மாட்டேன், போதுமா? எனக்காகப் போயி ஒரு சண்டை போட்டுட்டு வா."

தட்டைக் கீழே வைத்தேன். அடுப்படி வாசலில் மகள் வந்து நின்றிருந்தாள்.

"போட்டுட்டாங்க," என்றேன்.

"படியா? நிஜமாவா? எப்போ?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க விழுந்த மறுநாளு."

அவர் முகம் விரிந்தது. சிரிப்பு கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எதுவும் குலுங்கவில்லை.

"அதானே பார்த்தேன்! ஒருத்தன் விழணும் அவனுங்களுக்கு. அப்பத்தான் கை நீளும். படுபாவிங்க." கண் கூரைக்குப் போனது. குரல் தணிந்துவிட்டது. "நீ தலைபாடா அடிச்சுக்கிட்ட. நான்தான் தடுத்துத் தடுத்து வச்சேன். உன்னை மட்டும் அன்னிக்கே போக விட்டிருந்தா, அந்தப் படி ஒண்ணு அங்க இருந்திருந்தா, நான் இப்ப எழுந்து நடந்துட்டு இருப்பேன். இல்ல?"

அவர் உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டேன்.

"ஆமாங்க," என்றேன்.